அடுத்த ஊசியைத் தள்ளிப் போடாதே

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள பழனி,

உன் கடிதமும் மிளகுப் பொட்டலமும் வந்து சேர்ந்தன. நல்ல காரம். பாதி ஏற்கெனவே சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது, அதனால் அடுத்த தடவை கொஞ்சம் தாராளமாகவே அனுப்பு. காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பியிருக்கிறாய். இங்கே செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலும் அதே புலம்பல்தான். கொலுசுக்கு ஆர்டர் இருக்கிறதாம், உட்கார்ந்து வேலை செய்யப் பையன்கள்தான் இல்லையாம்.

அது கிடக்கட்டும். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே: சுகரால் மங்கிய கண் இப்போது தெளிவாகத் தெரிகிறது, கண்ணில் போடுகிற அடுத்த ஊசியைப் பறிப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று. கூடவே, மருந்து வேலை செய்துவிட்டது என்றால் மறுபடி மறுபடி எதற்குக் குத்துகிறார்கள், காசு பிடுங்கவா என்று ஒரு கேள்வி. விலங்கியல் வாத்தியாரிடம் கேட்டுவிட்டாய், அனுபவி.

விழித்திரை என்றதும் ஒளியை உணரும் செல்களைத்தான் நினைக்கிறோம். அவற்றோடு தாங்கு செல்களும் உண்டு. 1851இல் ஹைன்ரிக் முல்லர் என்ற ஜெர்மானியர் விவரித்ததால் முல்லர் செல்கள் என்று பெயர். உன் தோட்டத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மாதிரி, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நெட்டுக்கு நிற்பவை. நரம்புச் செல்களுக்குத் தீனி கொடுப்பது, அவை சேதி சொல்லக் கொட்டுகிற குளூட்டமேட் என்ற ரசாயனத்தை அள்ளிச் சுத்தம் செய்வது எல்லாம் இவற்றின் வேலை. போதாததற்கு வெளிச்சத்தையும் இவையே ஒளியிழை போல உள்ளே கடத்துகின்றன என்று 2007இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்.

உன் கண்ணில் இருக்கும் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது அதே 20,000 சொச்சம் மரபணுக்கள்தான். எது ஓடுகிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். சுகர் வந்த கண்ணில் முல்லர் செல் அளவுக்கு மீறி முடுக்கிவிடுகிற ஒரு மரபணுதான் உனக்கு வினை.

அது நடக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹிஃப்-1 ஆல்ஃபா என்று ஒரு புரதம். செல் இதை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது, தயாரித்த சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகிறது. வெட்டி வேலை மாதிரி தோன்றும். அழிப்பதற்கு முன்னால் அதன் மேல் ஓர் அடையாளம் போட வேண்டும், அந்த அடையாளம் போட ஆக்சிஜன் வேண்டும். சங்கதியே இங்கேதான். சர்க்கரை வருடக்கணக்கில் அரித்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டால் அந்தப் பக்கத்துக்கு ஆக்சிஜன் குறைகிறது. அடையாளம் விழுவதில்லை, அதனால் புரதம் பிழைத்துக்கொள்கிறது. நேராக உட்கருவுக்குள் போய், தன் ஜோடிப் புரதத்தோடு சேர்ந்து, டி.என்.ஏ.வில் தனக்கென்று இருக்கிற எழுத்து வரிசையில் போய் உட்கார்கிறது. உட்கார்ந்ததும் பக்கத்து மரபணுக்கள் ஓட ஆரம்பிக்கின்றன. புதிதாக ஒன்றைத் தயாரித்துக் கொண்டிருக்க நேரமில்லாத அவசரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது? செல் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

அப்படி ஓடுகிற மரபணுக்களில் ஒன்று வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. புது ரத்தக் குழாய் வளரட்டும் என்பதுதான் அதன் உத்தரவு. எண்ணம் நல்லதுதான், ஆனால் வளர்கிற குழாய்கள் மட்டமானவை. பழைய குழாய்களும் கசிய ஆரம்பிக்கும். அந்த நீர் பார்வையின் மையத்தில் கோத்துக்கொண்டதால்தான் பேப்பர் எழுத்தெல்லாம் உனக்கு நெளிந்து தெரிந்தது. சர்க்கரை நோய் கொண்ட எலிகளில் முல்லர் செல்லில் மட்டும் இந்த ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள், கசிவு குறைந்துவிட்டது. 2010இல் வந்த ஆய்வு அது.

இப்போது உன் ஊசிக்கு வருவோம். அந்த மருந்து, ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட வி.ஈ.ஜி.எஃப்.ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே மரபணு ஓடிக்கொண்டேதான் இருக்கும். சில வாரங்களில் மருந்து கரைந்து போகும், புரதம் மறுபடி சேரும். உனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது மருந்து இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது என்பதால். போகப் போக இடைவெளியை நீட்டலாமா என்பதைக் கண்ணை ஸ்கேன் பண்ணிப் பார்த்து டாக்டர் சொல்லட்டும், உன் காப்பித் தோட்டம் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணனுக்கு லேசர் வைத்தார்களே, அதுவும் இதே கணக்குதான். ஓரத்தில் இருக்கிற ஒளியுணர் செல்கள் சிலவற்றைச் சுட்டுவிடுவார்கள். கண்ணில் ஆக்சிஜனை அதிகம் விழுங்குபவை அவை. தின்கிற வாய் குறைந்தால் மிச்சத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கும், ஹிஃப் பழையபடி அழியும். இந்த விவரம் எதுவும் தெரியாத காலத்திலேயே லேசர் வைத்து எத்தனையோ பேர் பார்வையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வரிக்குதிரை மீனுக்கு விழித்திரை கெட்டுப்போனால் இதே முல்லர் செல் ஏ.எஸ்.சி.எல்.1 என்ற மரபணுவை முடுக்கி, பிரிந்து பெருகி, புது நரம்புச் செல்களையே உண்டாக்கிவிடுகிறது. மீன் மறுபடி பார்க்கிறது. நமக்கும் எலிக்கும் அந்த மரபணு இருந்தும் அடிபட்டால் ஓடுவதில்லை. 2017இல் சியாட்டிலில் ஒரு குழு வளர்ந்த எலிகளின் முல்லர் செல்லில் அதை வலுக்கட்டாயமாக ஓட வைத்து, இறுகச் சுருண்டிருக்கும் டி.என்.ஏ.வைத் தளர்த்தும் மருந்தையும் கொடுத்தது. சில செல்கள் நரம்புச் செல்லாக மாறி ஒளிக்குப் பதிலும் சொல்லின. எலியோடு நிற்கிறது, மனிதக் கண்ணுக்கு வர நாளாகும். அதை நம்பி ஊசியைத் தள்ளிப் போடலாம் என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

வருகிற செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வா. பைக் வேண்டவே வேண்டாம். கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட கண்ணோடு 20 கொண்டை ஊசி வளைவிலும் நீ ஏறிப் போவதை நினைத்தாலே எனக்கு பி.பி. ஏறுகிறது. ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். ராத்திரி இங்கேயே தங்கு, சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன். சுகர் பார்த்த சீட்டையும் மறக்காமல் எடுத்து வா. பறிப்பை ரெண்டு நாள் உன் மச்சினன் பார்த்துக்கொள்ள மாட்டானா? தங்கச்சியிடம் நான் போனில் பேசிவிட்டேன். எனவே சாக்கு எதுவும் யோசிக்காதே.

உன்,
சேகர்