குடியிருப்போர் நலச்சங்கம், சத்துவாச்சாரி, வேலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரமும் பணமும் பெரும்பகுதி பூங்கா வேலிக்கே போயின. அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பணத்தில் நடந்த வேலை, ஒவ்வொரு முடிவும் ஏன் எடுக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பழைய வேலி எதனால் சாய்ந்தது என்பதை முதலில் பார்த்தோம். இரும்பு ஆங்கிள்களை ஓரடி ஆழத்தில் புதைத்து, பதினைந்து அடிக்கு ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். அடிப்பகுதி துருப்பிடித்து அறுந்துபோயிருந்தது. இடைவெளி வழியாக ஆடு மாடுகள் வந்து, நட்ட வேம்பையும் புங்கனையும் இரண்டு வருடம் தலைதூக்க விடவில்லை.

சுற்றுச்சுவரே கட்டிவிடலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். குழு அதை ஏற்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் பூங்காவின் வடக்கு ஓரமாகத்தான் ஓடைக்குப் போகிறது. அங்கே சுவர் எழுப்பினால் தண்ணீர் கீழ்த்தெரு வீடுகளுக்குள் திரும்பும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததைப் பார்த்த நாம் தண்ணீரின் வழியை அடைக்கக் கூடாது. கம்பி வலை என்றால் நீர் தடையில்லாமல் போகும், தெருவிலிருந்து பார்த்தாலே உள்ளே விளையாடும் பிள்ளைகளும் தெரிவார்கள்.

பூங்கா நிலம் சங்கத்துடையது அல்ல. மனைப்பிரிவு போட்டபோது தானப் பத்திரம் வழியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட பொது இடம். ஆகவே மாநகராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி கிடைக்கும் வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அடுத்து எல்லை. நில அளவர் வந்து புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்டார். பழைய வேலி கிழக்கே இரண்டு அடி உள்வாங்கியும், தெற்கே பக்கத்து வீட்டு மனைக்குள் ஓரடி தள்ளியும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கிழக்கே நிலத்தை மீட்டோம். தெற்கே அந்த ஓரடியை விட்டுக்கொடுத்தோம் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அது நம் இடமே இல்லை. அந்த வீட்டு அம்மா நெடுநாளாகச் சொல்லிவந்தது சரிதான் என்று நில அளவையே காட்டிவிட்டது.

அப்புறம் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மிகக் குறைந்த தொகை சொன்னவரின் தாளில் 'மொத்தம் இவ்வளவு' என்று மட்டும் இருந்தது. எத்தனை கேஜ் கம்பி, எத்தனை அங்குலக் கண்ணி, தூண் எவ்வளவு ஆழம், எதுவும் இல்லை. கேட்டபோது 12 கேஜ் என்றார். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிதாகும். 10 கேஜ் ஏறத்தாழ மூன்றேகால் மில்லிமீட்டர், 12 கேஜ் இரண்டரைக்குச் சற்று மேல். கண்ணி அளவு ஒன்றாகவே இருந்தாலும் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். விலை குறைந்ததன் காரணம் அதில்தான் இருந்தது. நம் தேவைகளை நாமே ஒரு தாளில் எழுதி, மூவரிடமும் அதே அளவுக்கு மறுபடி விலை கேட்டோம். இந்த முறை மூன்று தொகைகளும் நெருங்கி வந்துவிட்டன. நம் வார்டிலேயே பட்டறை வைத்திருப்பவரைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒப்பந்தம் 410 அடி நீளத்துக்கு. ஏழடிக் கருங்கல் தூண், இரண்டடி மண்ணுக்குள், எட்டு அடிக்கு ஒன்று. கோட்டையே கருங்கல்லில் நிற்கிற ஊரில் துருப்பிடிக்கும் இரும்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. மூலைத் தூண்களுக்கு இரு பக்கமும் சாய்வுக் கல் வைக்கச் சொன்னோம். வலையை இழுத்துக் கட்டும் விசை முழுவதும் மூலையில்தான் இறங்கும். மேலே முள்கம்பி வேண்டாம் என்பதில் குழு ஒருமனதாக இருந்தது. பந்து எடுக்கப் பிள்ளைகள் ஏறாமல் இருக்கப்போவதில்லை.

ஆகஸ்டில் வேலை தொடங்கியது. வலை வந்து இறங்கியதும் எடை போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்திட்டோம். வடக்கு ஓரத்தில் குழி தோண்டும்போது பாறை தட்டியது. மலையடிவாரத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஒப்பந்தக்காரர் கூடுதலாக 13,000 ரூபாய் கேட்டார். உட்கார்ந்து பேசி 6,500 ரூபாய்க்கு முடித்தோம். இனி எந்த வேலைக்கும் பாறைக் குழிக்குத் தனி விலை முன்கூட்டியே எழுதப்பட வேண்டும் என்று குழு தீர்மானித்துள்ளது. தூண் குழிகளில் போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை மேற்குத் தெருக்காரர்கள் ஏற்று ஒரு வாரம் முழுக்கக் காலையும் மாலையும் செய்தார்கள். வேலையாட்களுக்கு மோரும் மதியச் சாப்பாடும் கொடுத்த மகளிர் குழுவினரை இந்தப் பேரவை கைதட்டிப் பாராட்ட வேண்டும். வெயிலில் கடப்பாரை பிடித்தவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி தாமதமில்லாமல் கிடைத்ததா என்று தலைவர் வாராவாரம் நேரில் விசாரித்தார். சங்கத்தின் பெயரில் நடக்கும் வேலை அப்படித்தான் நடக்க வேண்டும்.

ஒப்பந்தத் தொகை 1,32,000 ரூபாய். பாறைக் குழியோடு 1,38,500. இதில் 112 வீடுகள் தலா 1,000 ரூபாய் கொடுத்தன. மீதி 26,500 பொது நிதியிலிருந்து. ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவைத்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் தூண் ஒன்றும் அசையவில்லை. ஓடைப் பக்கம் மட்டும் அடிக்கம்பி தளர்ந்து வலை தொய்ந்தது. சொன்ன மறுநாளே ஒப்பந்தக்காரர் ஆளோடு வந்து இழுத்துக் கட்டினார். ஜனவரியில் மீதித் தொகையையும் கொடுத்துவிட்டோம். ரசீதுகள் அனைத்தும் கோப்பில் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

மற்றவை: பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் நன்றாக நடந்தன. இரண்டாவது குறுக்குத் தெரு விளக்குகள் எரிகின்றன. குப்பை வண்டி நேரம் பற்றிய மனு நிலுவையில் இருக்கிறது.

வரும் ஆண்டில் பூங்கா நடைபாதையை, மக்கள் பங்களிப்போடு அரசு நிதி தரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் செய்யலாம் என்பது குழுவின் கருத்து. மூன்றில் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். இதை இன்று விவாதித்து முடிவு செய்யுங்கள். வேலியோரம் முளைக்கும் சீமைக்கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்க ஒவ்வொரு தெருவிலிருந்தும் இருவர் பெயர் கொடுக்க வேண்டும். கேட் சாவி பொருளாளரிடமும் கிழக்குத் தெரு உறுப்பினரிடமும் இருக்கும்.

இந்த அறிக்கையையும் இணைத்துள்ள வரவு செலவுக் கணக்கையும் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்