கோலமாவில் ஒரு வரைபடம்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு வேலை இழுத்துக்கொண்டது. என் முட்டிவலி பரவாயில்லை, மாடி ஏறும்போதுதான் தெரிகிறது. இவர் நன்றாக இருக்கிறார்.

இங்கே வார்டுக்கு வார்டு ஏரியா சபை என்று ஒன்று வந்திருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்துக்கு இது. வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி ஜனங்கள் கூடி ரோடு, விளக்கு, வடிகால் பற்றிப் பேசலாம். பெரிய நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியல் சட்டத் திருத்தம் 1993லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் ஏரியா சபைக்கும் விதி வந்து, முதல் ஏரியா சபைகள் கூடியது 2022 நவம்பர் 1ஆம் தேதி.

எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நானும் போனேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. வந்த முப்பது பேரில் பாதிக்கு மேல் என்னைப் போல ரிட்டையர் ஆனவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்துக்காரர்கள். பூங்கா, தெருவிளக்கு, ஏரிக்கரைப் பாதை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் பேசினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஹவுசிங் போர்டு பிளாக்குகள் இருக்கின்றனவே, அங்கிருந்து ஒரே ஒரு பெண் வந்திருந்தாள். எங்கள் பிளாக்கில் வீட்டுவேலை செய்கிறவள். ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கதவோரமாக நின்றாள். "உனக்கு ஓட்டு இங்கேயா?" என்று யாரோ கேட்டார்கள். வாடகைக்கு இருக்கிறவள், ஓட்டு இன்னும் பழைய இடத்தில். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் கேட்டேன். "அங்க எல்லாரும் சர்வே நம்பர் சொல்லிப் பேசறாங்க, நான் என்னத்தக்கா பேசறது? ஞாயித்துக்கிழம சாயங்காலம் எங்க பிளாக்குக்கு வாங்க, எல்லாப் பொம்பளைங்களும் இருப்போம்" என்றாள்.

போனேன். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே சிமெண்டுத் தரை. ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் கோலமாவு டப்பாவோடு வந்து, மெயின் ரோட்டை ஒரே இழுப்பில் போட்டாள். ரேஷன் கடைக்கு ஒரு செங்கல், பஸ் ஸ்டாப்புக்கு ஒரு செருப்பு, தண்ணி லாரி நிற்கிற இடத்தில் பச்சைக் குடம். மழைத்தண்ணி தேங்குகிற இடத்தை அவள் போட்டதும் நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள்: "அங்க இல்லடி, டிரான்ஸ்பார்மருக்கு இந்தாண்ட!" ஒரு பாட்டி குனிந்து கையாலேயே அழித்து, தண்ணி எங்கே ஏறி எந்தப் படி வரைக்கும் நிற்கும் என்று தன் விரலால் இழுத்துக் காட்டினாள். எங்கள் தெருவுக்குப் போட்டிருக்கிற புது வடிகால் அந்தப் பள்ளத்துக்கு நாற்பது அடி முன்னாலேயே நின்றுபோவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு ஏரிக்கரை. விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற பெண்கள் பஸ்ஸுக்குப் போவது அந்தக் கரைமேல்தான். சுற்றிப் போனால் கூடுதலாக அரை மணி நேரம். வசந்தி, அந்தப் பாதைக்கு கேட் போட்டு ராத்திரியில் பூட்டச் சொல்லி எங்கள் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. அதில் என் கையெழுத்தும் உண்டு. யாருக்கும் கெடுதல் நினைத்துப் போட்டதில்லை. ஆனால் அந்த வழியாக நடக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல்தான் போட்டேன். மறுநாளே சங்கத்தில் சொல்லி அதைத் திரும்ப வாங்க வைத்தேன். பதிலுக்கு விளக்கு கேட்டு எழுதியிருக்கிறோம். அதில் இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் இருக்கிறது.

அன்றைக்கு நம் ஆலந்தூர் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் டெபாசிட் கேட்டார்களே. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம். நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் குடியிருப்போர் சங்கங்களும் தெருத்தெருவாக வந்து பேசினார்கள். 'பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்' என்று என் அப்பா முதலில் பிடிவாதம் பிடித்தார். எங்கள் வாசலில் நின்று அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் கட்டினார். வீடு தேடி வந்து கேட்டார்கள், அதனால் ஜனங்கள் கொடுத்தார்கள். அந்த ஊரில் வளர்ந்துவிட்டு நான் இதை மறந்திருக்கக் கூடாது.

இப்போது இதைவிடப் பெரிய காரியம் நடக்கிறது. சென்னைப் பெருநகருக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான், 2027 முதல் 2046 வரைக்கும். 1,189 சதுர கிலோமீட்டரில் எங்கே வீடு, எங்கே கம்பெனி, எந்த நிலத்தில் எதுவுமே கட்டக்கூடாது என்பதெல்லாம் அதில்தான். இன்றைக்கு ஒன்பதாவது படிக்கிற அந்தப் பெண்ணுக்கு அது முடியும்போது முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். குப்பத்திலும் ஹவுசிங் போர்டிலும் இருக்கிறவர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்து, 'இந்தக் கால்வாய் இங்கே இல்லை, அங்கே' என்று சொல்ல ஒரு சாயங்காலமாவது வேண்டாமா? படித்தவர்கள் எழுதிக்கொடுக்கும் ஆட்சேபம் மட்டும் போதாது. ஓட்டு எங்கே இருந்தால் என்ன, அங்கே குடியிருக்கிறவர்கள் பேசவேண்டும்.

உங்கள் கேரளாவில் 1996இல், ஊருக்கு என்ன வேண்டும் என்று ஜனங்களே கூடித் திட்டம் போடுகிற மக்கள் திட்டம் தொடங்கியபோது, விடுமுறை நாளில் மத்தியானத்துக்கு மேல் கிராம சபை கூட்டி, சிறு சிறு குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டார்களாம். பெரிய கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் பத்துப் பேர் நடுவில் திறப்பார்கள். நீயும் சித்தூரில் வார்டு சபைக்குப் போவதாக எழுதியிருந்தாயே. அங்கே குழுவுக்குக் குழு கேள்விகள் ஏதாவது எழுதிக் கொடுக்கிறார்களா? மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தாளை அனுப்பு. நீயே பக்கத்தில் தமிழில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி அந்த சிமெண்டுத் தரையில் கூடுகிறோம். கவுன்சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பேத்திக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் மீனாட்சி