எந்த மீன் என்று பெயரைச் சொல்லுங்கள்: உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

"கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் பாதரசம் அதிகமுள்ள மீன்களைத் தவிர்க்கவும்" என்று அண்மையில் அறிவித்தீர்கள். சரி, எந்த மீன்களை? அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், ஒரு மீனின் பெயர்கூட அதில் இல்லை. பாதரசம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ருசியிலும் தெரியாது. சோதனைக்கூடம் உங்களிடம்தான் இருக்கிறது.

என் தங்கைக்கு இது ஆறாவது மாதம். உங்கள் அறிவிப்பைப் பார்த்த அன்றே மீனை அடியோடு நிறுத்திவிட்டாள். மருத்துவமனையில் ஒருவர் "மீன் குழந்தையின் மூளைக்கு நல்லதும்மா, சாப்பிடு" என்கிறார், அதே மருத்துவமனையில் இன்னொருவர் "எதற்கு வம்பு, பிரசவம் முடியும்வரை தொடாதே" என்கிறார். இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கையிலும் பட்டியல் எதுவும் இல்லை. ஆனால் அவள் தூக்கம் போய்விட்டது. இதுவரை சாப்பிட்டது குழந்தையை ஏதாவது செய்திருக்குமா அண்ணா என்று இரவில் போன் செய்து அழுகிறாள். அவள் வழக்கமாகச் சாப்பிட்டது மத்தியும் நெத்திலியும். குறைந்த ஆயுளுள்ள சின்ன மீன்கள், பாதரசம் மிகக் குறைவாகச் சேருபவை. நிறுத்தவே தேவையில்லாத மீனை நிறுத்திவிட்டு, செய்யாத தப்புக்கு அவள் அழுதுகொண்டிருக்கிறாள். இரண்டு பெயர்களை நீங்கள் அச்சடித்திருந்தால் போதும், இந்த அழுகை இருந்திருக்காது.

இதன் அறிவியல் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீரில் கலக்கும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசம் என்ற, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமாக மாற்றுகின்றன, அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகிறது, பல வருடம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் சுறாவிலும் வாள்மீனிலும் பெரிய கண் சூரையிலும் குவிகிறது. தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது, தாயின் இரத்தத்தைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு அதிகமாகவே இருக்கும். ஓர் ஆலையின் கழிவு கடலில் கலந்த ஜப்பானின் மினமாட்டாவில், அந்தக் கடல் மீனைச் சாப்பிட்ட, பெரிதாக எந்த அறிகுறியும் இல்லாத தாய்மார்களுக்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-இல், ஆலைக் கழிவின் மெத்தில் பாதரசம்தான் காரணம் என்று அந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். நடுவில் பன்னிரண்டு வருடம் போயிற்று, மக்கள் அந்த மீனைத்தான் சாப்பிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஃபேரோ தீவுகளில் திமிங்கில இறைச்சி வழியாகப் பாதரசம் ஏறிய தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் நுட்பமான குறைகள் தெரிந்தன. செஷல்ஸ் தீவுகளிலோ தாய்மார்கள் கடல் மீனை நிறையச் சாப்பிட்டும் ஆய்வாளர்களுக்கு அப்படித் தெளிவான பாதிப்பு கிடைக்கவில்லை. மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பும் அயோடினும் அந்த மூளை வளர வேண்டியவைதான். அதனால் 'மீனைத் தவிர்' என்று மொட்டையாகச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது, 'மீன் சாப்பிடு' என்று மொட்டையாகச் சொல்வதிலும் இருக்கிறது. எந்த மீன் என்று சொல்லுங்கள்.

ஒரு கணக்கு. உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு மெத்தில் பாதரசத்துக்கு 2003-இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் உள்ள மீன் என்றால் வாரத்துக்கு நூறு கிராம்கூடச் சாப்பிட முடியாது. 0.05 மில்லிகிராம் உள்ள மீன் என்றால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. இவ்வளவு வித்தியாசத்தையும் 'அதிகமுள்ள மீன்கள்' என்ற இரண்டு சொல்லில் மூடி வைத்துவிட்டு, மீதியைத் தாயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறீர்கள்.

எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. நிலக்கரிப் புகை பாதரசத்தைக் கக்குகிறது, தங்கம் பிரிக்கும் இடங்களில் ஆற்றில் பாதரசம் கலக்கிறது, மினமாட்டாவின் பெயரிலேயே 2013-இல் பன்னாட்டு உடன்படிக்கையும் வந்தாயிற்று, ஆனாலும் எச்சரிக்கை கடைசியில் வயிற்றுப் பிள்ளைக்காரியின் தட்டுக்குத்தான் வருகிறது. கக்கியவனுக்கு ஒரு வரி எச்சரிக்கை உண்டா? புகைபோக்கிகள் உங்கள் துறையின் கீழ் இல்லை என்பது தெரியும், கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாக்கெட்டின் மேலிருக்கும் எழுத்து உங்கள் பொறுப்பில் வருவதுதானே? தலையும் தோலும் எடுத்த வெள்ளைத் துண்டின்மேல் 'கடல் மீன்' என்று மட்டும் போட்டால் யார் என்ன கண்டுபிடிக்க முடியும்?

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 2017-இல் மீன்களைத் தாராளமாகச் சாப்பிடக்கூடியவை, அளவாகச் சாப்பிடக்கூடியவை, தவிர்க்க வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்து, பெயர் போட்டு, வாரத்துக்கு எத்தனை முறை என்பதையும் ஒரே பக்கத்தில் வெளியிட்டார்கள். நீங்களும் மீன் வாரியாகச் சோதனை முடிவுகளை வெளியிடுங்கள். பாக்கெட்டில் மீனின் பெயரைக் கட்டாயமாக்குங்கள். அப்புறம் பெயர்கள் உள்ள ஒரு பக்கப் பட்டியலைக் கர்ப்பிணிகள் வரும் எல்லா மருத்துவமனைகளிலும் ஒட்டுங்கள். முழுப் பட்டியலுக்கு நாள் ஆகும் என்றால், தவிர்க்க வேண்டிய மீன்களின் பெயர்களையும் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய மீன்களின் பெயர்களையும் மட்டுமாவது இந்த மாதத்துக்குள் அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.