சிக்கனம் படிப்பித்ததற்கு நன்றி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த சிக்கனக் கட்டுரையைப் படித்தேன். வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வருகிறவர்கள், உழைத்த காலத்தில் சேமிக்காதவர்கள்தானாம். வெற்றிலை, தேநீர்ச் செலவைக் குறைக்கவும் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். என் கணவர் வெற்றிலையை விட்டு இரண்டு வருடமாகிறது, அந்தக் காசில் நிலாவெளியில் ஹோட்டல் கட்டலாமா என்று பார்க்கிறோம்.

சேமித்தோம் ஐயா. ஆறு பவுண் நகை இருந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது உங்களுக்குத் தெரியாததா, நீங்களும்தானே செய்தி போட்டீர்கள். இவருடைய போட் என்ஜின் மண்ணெண்ணெயில் ஓடுவது. போட் கரையில் கிடந்தது, காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் போயின, வட்டி கட்ட முடியாமல் அப்படியே முழுகிவிட்டன.

சொந்த வீடு ஏன் இல்லை என்று அடுத்த ஞாயிறு கட்டுரையாளர் கேட்பாரோ என்னவோ. இருந்தது. 1990இல் அப்பா கட்டிய வீட்டைப் பூட்டிச் சாவியோடு இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம், திரும்பி வந்தபோது சாவி மட்டும் மிச்சம். அப்புறம் கடற்கரையோரம் வாடகைக்கு இருந்தோம், அதைச் சுனாமி கொண்டுபோனது. வீட்டுத்திட்டத்துக்குப் போனால் காணி உறுதி கேட்டார்கள். வாடகைக்கு இருந்தவளிடம் உறுதி எங்கே இருக்கும்?

2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத்துக்குக் கணக்கெடுக்க வந்த தம்பி, தரைக்கு மாபிள் போட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். மாபிள் வீட்டுச் சொந்தக்கார அம்மாவுடையது தம்பி, நாங்கள் அதில் நடக்கிறோம், அவ்வளவுதான் என்றேன். சிரித்தார். பட்டியலில் பெயர் வரவில்லை.

இப்போது அந்த அம்மாவும் சித்திரைக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். நல்ல மனிசி, குறை சொல்ல மாட்டேன், ஆனால் சீசனுக்கு வெள்ளைக்காரர் வந்தால் ஓர் இரவுக்குக் கொடுப்பது எங்கள் ஒரு வார வாடகை. இவருக்கு அறுபத்து மூன்று வயது, சாமான்களை எங்கே ஏற்றுவது என்று இரவில் எழும்பி உட்கார்ந்திருக்கிறார்.

சரி, ஒரு சின்ன உதவி. உங்கள் பத்திரிகையில் வரும் வாடகை வீட்டு விளம்பரங்களில் வாடகையும் முற்பணமும் எவ்வளவு என்று கட்டாயம் போடச் செய்யுங்கள். "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்பதை நம்பி இந்த மாதம் நாலு இடம் பஸ் ஏறிப் போனேன், எல்லா இடத்திலும் ஒரு வருட முற்பணம். கட்டுரையாளர் சொன்ன சிக்கனத்தில் அந்தப் பஸ் காசாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
வாடகைக்கு இருக்கும் ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை (சித்திரை வரைக்கும்).