முதலில் போர்ட் எண்ணைக் கேளுங்கள்

பெறுநர்: மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி

மதிப்புக்குரியீர்,

சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கும் எவரும் அடையாள அட்டை காட்டியாக வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி தலைதூக்குகிறது. நாங்கள் பெங்களூரில் சர்வர், லாக் (யார் எப்போது நுழைந்தார் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவு) என்று அன்றாடம் மாரடிக்கும் தமிழ்ப் பொறியாளர்கள். பொய்ப்பெயரில் மிரட்டுபவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவன் நழுவும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்களான ஐபிவி4 முகவரிகள் மொபைல் நிறுவனங்களிடம் போதாது. அதனால் ஒரே பொது ஐபி முகவரியை ஒரே நேரத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து விடுகிறார்கள். சிஜிநாட் என்பது இதுதான். விசாரணைக் கடிதத்தில் ஐபியும் தேதியும் மட்டும் இருந்தால் பதிலாக நீண்ட பட்டியல்தான் வரும். ஆளைச் சுட்ட ஐபியோடு சோர்ஸ் போர்ட் எண் (ஒரே ஐபியைப் பகிர்பவர்களின் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்), நொடி வரையிலான நேரம், அது எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு மூன்றும் வேண்டும். கடைசிக் குறிப்பில்தான் கோட்டை விடுவது எளிது. தளங்களின் லாக் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 12ஆம் தேதி நள்ளிரவு 12.10க்கு வந்த மிரட்டல், லாக்கில் 11ஆம் தேதி 18.40. கணக்குப் பார்க்காமல் அனுப்பினால் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட நேரும்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு 180 நாள் லாக் வைக்கச் சொல்கிறது. உள்நுழைவு லாக்கில் போர்ட் எண்ணும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். விபிஎன் (சொந்த ஐபியை மறைக்கும் சேவை) போட்டவன் இதில் தப்பலாம், உண்மைதான். அவனேதான் அடுத்தவர் பெயரில் வாங்கிய சிம்மோடு உங்கள் அடையாளச் சோதனையிலும் தப்புவான்.

தென் கொரியா 2007இல் பெரிய தளங்களில் உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. 2011இல் நேட், சைவேர்ல்ட் தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. 2025இல் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தின் வெளி ஒப்பந்ததாரர் வழியாக ஏறத்தாழ 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் அம்பலமாயின. வயதைச் சரிபார்க்கக் கொடுத்த படங்கள் அவற்றில் இருந்தன. சரிபார்த்த பிறகு அவற்றை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

வயது தெரிந்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே '18 நிரம்பியதா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடை மட்டும் தளத்துக்குப் போகட்டும். ஆதார் எண், படம், பிறந்த தேதி எதுவும் தளத்தின் சர்வரைத் தொடக் கூடாது. மற்றபடி 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட தளங்களுக்குச் சொல்வது, விரும்பியவர் சரிபார்த்துக்கொள்ள வழி செய்து கொடுங்கள் என்பதுதான். 'விரும்பியவர்' என்ற சொல்லில் கை வைக்காதீர்கள்.

இந்த ஊரில் பெயரை மறைத்து எழுதும் உரிமையின் அருமை தெரியும். 2016 செப்டம்பரில் காவிரிக் கொந்தளிப்பின்போது, ஃபேஸ்புக் பதிவுக்காக ஒரு தமிழ் மாணவரை இங்கே கும்பலாக அடித்தார்கள். அதைப் படமெடுத்துப் பரப்பவும் செய்தார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் கூலிப் பாக்கியைப் பற்றி எழுத நினைக்கும் தொழிலாளிக்கும் புனைபெயர்தான் கவசம்.

எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஒரே விசாரணைப் படிவம் அனுப்புங்கள்: ஐபி, போர்ட், நொடியோடு நேரம், நேர மண்டலம். நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் படிவம் மேலே நகரக் கூடாது. மாதிரியைத் தமிழிலும் கன்னடத்திலும் நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
பெங்களூர்த் தமிழ்ப் பொறியாளர்கள் சிலர்