உறையின் மேல் எழுதும் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி வட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகை, விழா நோட்டீஸ், ஊராட்சி மனு என்று தமிழில் எழுதுவதும் அச்சடிப்பதும் அன்றாட வேலை. ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் திருத்தச் சொல்பவர்கள்கூட, பெண்களைக் குறிப்பிடும் இடத்தில் விழும் பிழைகளைக் கண்டுகொள்வதில்லை. அவற்றைப் பற்றித்தான் இக்கடிதம்.

மனுவில் தொடங்கலாம். கேரளத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2009-ல் சட்டம் வந்தது; 2010 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மனுக்களோ இன்னும் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றே தொடங்குகின்றன. பழைய மனுவை நகலெடுத்துத் தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றுவதால் வரும் வினை இது. சிலர் ‘ஐயா/அம்மா’ என்று போட்டு, வேண்டாததை அடிக்காமலே நீட்டிவிடுகிறார்கள்.

பெறுநர் பகுதியில் பதவி முன்னால் வரட்டும்: ‘தலைவர் அவர்கள்’, அடுத்த வரியில் ஊராட்சியின் பெயர். ‘தலைவி’ வேண்டாம், நாற்காலி யார் உட்கார்ந்தாலும் அதே நாற்காலிதான். விளியில் ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்பது சரி. ‘அம்மையார்’ படர்க்கை, பெயரோடு சேர்ந்து முகவரியில் நிற்கும், விளியாக நிற்காது. அதிகாரி ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ‘மதிப்பிற்குரியீர்’ என்றோ ‘அன்புடையீர்’ என்றோ எழுதலாம், இருவருக்கும் பொருந்தும். ‘தாங்கள்’ என்று ஆரம்பித்த கடிதம் கடைசிவரை ‘தங்கள்’ என்றே போக வேண்டும். நடுவில் ‘உங்கள்’ புகுந்தால் இரண்டு பேர் ஆளுக்குப் பாதி எழுதிய மனுவாகத் தெரியும்.

நம் மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி 2021-ல் ‘சார்’, ‘மேடம்’ இரண்டையுமே அலுவலகத்தில் வேண்டாமென்று முடிவெடுத்தது. பெயரையோ பதவியையோ சொன்னால் போதும் என்றது. அது துணிச்சலான முடிவு. ஆனால் தமிழில் எழுதுபவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் ‘அவர்கள்’ போட்டால் மரியாதை முழுதாக வந்துவிடுகிறது. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, கணவர் இருக்கிறாரா என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ‘வசந்தா அவர்களுக்கு’ என்று எழுதிய உறையில் எந்தக் குறையும் இல்லை.

‘திருமதி’, ‘செல்வி’ போட்டே தீர வேண்டுமென்றால் சில கவனங்கள் தேவை. 1967-ல் அண்ணாவின் ஆட்சி ‘ஸ்ரீமதி’, ‘குமாரி’களுக்குப் பதிலாகக் கொண்டுவந்த இவை முழுச் சொற்கள், பின்னால் புள்ளி வைக்கக் கூடாது. புள்ளி முதலெழுத்துக்குத்தான். ‘டாக்டர்’, ‘முனைவர்’ வந்தால் ‘திருமதி’ வெளியேற வேண்டும். ‘டாக்டர் (திருமதி)’ என்று அடைப்புக்குள் உட்கார வைப்பது, படிப்பைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் கல்யாணத்தையும் சொல்லும் அவசரம். பக்கத்தில் நிற்கும் ஆண் மருத்துவருக்கு அந்த அடைப்பு கிடையாது. கணவரை இழந்தவருக்கும் ‘திருமதி’ உண்டு; எடுத்துவிட யாருக்கும் உரிமையில்லை. வயதானவருக்குச் ‘செல்வி’ போடத் தயங்குகிறவர்கள், தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் பெயர் அரசு அழைப்பிதழ்களில் எப்படி அச்சானது என்று நினைத்துப் பார்க்கலாம். அவரவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அதுவே அளவுகோல்.

கல்யாணப் பத்திரிகையின் உறையில்தான் பெரிய கூத்து. ‘திரு & திருமதி முருகேசன்’ என்று இடத்தை மிச்சம் பிடிப்பதில் அந்த அம்மாவின் பெயரே காணாமல் போகிறது. பத்திரிகைக்கு அது வெறும் மனக்குறை. பெறுநர் கையிலேயே சேர வேண்டுமென்று பதிவு செய்த தபாலில் ‘திருமதி முருகேசன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், கையெழுத்துப் போட்டு வாங்க வருபவரின் அடையாள அட்டையில் வசந்தா என்றிருக்கும், தபால்காரர் விழிப்பார். ‘வசந்தா – முருகேசன் குடும்பத்தார்’ என்றால் ஒரு வரியில் முடிந்தது. உள்ளே மணமகள் பெயருக்கு முன்னால் வரும் ‘திருவளர்செல்வி’ வினைத்தொகை. நடுவில் ‘ச்’ மிகாது. வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் ‘திருவளர்’, இதுதான் கடைசிக் கல்யாணம் என்றால் ‘திருநிறை’ என்பது வழக்கம். ராவுத்தர் வீட்டுப் பத்திரிகையில் ‘தீன்குலச்செல்வி’ வரும். மாதிரிப் பத்திரிகையை மாற்றி எடுத்து அங்கே ‘திருவளர்செல்வி’யை ஒட்டிவிடக் கூடாது.

மேடைப் பேச்சையும் சொல்லாமல் விட முடியாது. ஆண்கள் வழக்கறிஞர், பொறியாளர், புரவலர் என்று வரிசையாக அழைக்கப்படுவார்கள். அதே வரிசையில் இருக்கும் பெண் வழக்கறிஞர் மட்டும் ‘சகோதரி’ ஆகிவிடுவார். கூட்டத்தில் இருப்பவர்களிலும் ஆண்கள் ‘பெரியோர்களே’, பெண்கள் ‘தாய்மார்களே’. கல்லூரிப் பெண்ணும் அதில் அடக்கம்.

எல்லையில் வாழ்வதால் வரும் சிக்கல் தனி. ‘அம்மணி’ கொங்குப் பக்கத்து வாய்க்கு அன்பான விளி. தாளில் ஏறினால் கேலி. ‘டீச்சர்’ மலையாளத்தில் பெயருக்குப் பின்னால் மதிப்போடு நிற்கும். தமிழ் நோட்டீஸில் ‘ஆசிரியர்’ என்று பெயருக்கு முன்னால் போடுவதே நன்று. இருமொழி நோட்டீஸில் ‘மதிப்பிற்குரிய’ என்று பொருள்படும் மலையாளப் ‘பஹுமானப்பெட்ட’ என்பதைத் தமிழ் எழுத்தில் அப்படியே இறக்கிவிடுகிறார்கள். பகுமானம் என்றால் நம் ஊரில் வீண் பெருமை என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. அப்படி எழுதும்போது பெண்களின் முதலெழுத்தைக் கவனியுங்கள். தந்தை செல்லமுத்து என்றால் தமிழில் ‘செ. பழனியம்மாள்’. அலுவலகப் பதிவில் அது ‘பழனியம்மாள் எஸ்.’ ஆகலாம், ‘சி.’ ஆகலாம், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் எழுத்தும் மேலே ஏறியிருக்கும். ரேஷன் கார்டில் ஒன்று, ஓய்வூதியத்தில் ஒன்று என்று வேறுபட்டால் அலைச்சல் அவருக்குத்தான். ஆதாரில் உள்ள எழுத்தையே மனுவிலும் போட்டு, பெயரை ஒருமுறை மலையாளத்திலும் கீழே எழுதிக் கொடுப்பது நல்லது. தங்கள் இதழின் வரி விளம்பரங்களிலும் பெண்களின் பெயரை அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.