கையேந்தப் பழகிய நாட்கள்

பிரியமான சிநேகிதிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பேரன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை நல்லபடியாக எழுதி முடித்ததிலும், உன் முட்டுவலி கொஞ்சம் குறைந்ததிலும் ரொம்ப சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "மருமகள் தட்டில் போட்டுத் தருவதை வாங்கிச் சாப்பிடும்போது நெஞ்சை அடைக்கிறது, இத்தனை வருஷம் கொடுத்த கை இது" என்று. அது என்னை விடவில்லை. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்து கோணலாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

ஜனவரி கடைசியில் புறவாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நீ பதறுவாய் என்று சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை என்பதுதான் நிஜம். சோற்றைக்கூட இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுவிடலாம். தலை பின்ன முடியாது, நண்பியே, முடியவே முடியாது.

நம் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவை உனக்கு நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நான் சேலை எடுத்துக் கொடுப்பேனே, அவர்கள்தான். விழுந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. "உட்காருங்க டீச்சரம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, சூடு பறக்கத் தேய்த்து, என் தலையில் வைத்தார்கள். நுனியிலிருந்து சிக்கெடுத்து, ஒரு முடிகூட இழுபடாமல் பின்னி முடித்தார்கள். என் அம்மா போனபிறகு என் தலையை வேறொருவர் தொட்டது அன்றைக்குத்தான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடன்பட்டுவிட்ட மாதிரி ஒரு கூச்சம். மூன்றாம் நாள் பொறுக்காமல் நூறு ரூபாயை நீட்டினேன். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க தந்த சேலைக்கெல்லாம் நான் என்னைக்காவது காசு தந்தேனா டீச்சரம்மா?" என்றார்கள். கோபமாகக் கேட்கவில்லை. பின்னலின் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்கள்.

அன்று ராத்திரி யோவான் 13ஆம் அதிகாரத்தை எடுத்தேன். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னதை, அவனுடைய தாழ்மை என்றே ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆண்டவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவே இல்லை, பார். நான் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடுகிறார். நான் கொடுத்த சேலைகளில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் கொடுக்கிறவள் நான், வாங்குகிறவர்கள் அவர்கள் என்ற நினைப்பும் அதோடு மடித்து வைத்திருந்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு திருவிருந்து. வலது உள்ளங்கையை இடது கையின்மேல் வைத்துத்தானே அப்பம் வாங்குவோம்? எனக்கு இடது கை மட்டும்தான், அதுவும் நடுங்கியது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அக்கா தன் கையை என் கைக்கு அடியில் கொடுத்தார்கள். போதகர் ஐயர் அப்பத்தை வைத்தார். நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். அதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் முழங்காலிடுகிற எல்லாருக்கும் வெறுங்கைதான் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

கட்டுப் பிரித்தபிறகு பெண்கள் ஐக்கியத்தோடு டோனாவூர் போய்வந்தேன். ட்ரெயினிங் படிக்கும்போது நாம் போனோமே. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறையில் கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியும், அதில் 'அம்மா' என்ற ஒரே சொல்லும்தான். 1895இல் இந்தியாவுக்கு வந்து, 55 வருஷம் அயர்லாந்துப் பக்கமே திரும்பாதவர், தமக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் அதைத்தான் பெரிதாகப் பேசுவோம். இந்தத் தடவை என் மனது வேறிடத்தில் நின்றது. 1931இல் அவர் விழுந்து அடிபட்டார். 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள் படுக்கையில்தான். அத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், மற்றவர்கள் பார்த்துக்கொள்ளப் படுத்திருந்தார். அங்கேயிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். கல் வேண்டாம் என்று சொல்வதைவிட அந்த 20 வருஷம்தான் கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன ஞாயிறு ஸ்தோத்திர காணிக்கை வைத்தேன். வழக்கமாக என் பெயரை எழுதி, "சுகம் கிடைத்ததற்காக" என்று போட்டுக் கொடுப்பேன், ஐயர் வாசிப்பார். இந்தத் தடவை அக்காவின் முழுப்பெயரை எழுதி, "ஆறு வாரம் எனக்குத் தலைபின்னிவிட்டதற்காக" என்று எழுதினேன். ஐயர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அப்படியே வாசித்தார். ஆராதனை முடிந்ததும் அக்கா தூணோரமாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "கல்யாண ஓலை வாசிச்சதுக்கு அப்புறம் என் பெயரை இந்தக் கோயில்ல இன்னைக்குத்தான் வாசிச்சிருக்காங்க டீச்சரம்மா" என்று சொல்லும்போதே அவர்களுக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான். என் பெயர் அங்கே எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கைக்கு அடங்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் சோறு வைக்கும்போது "போதும், போதும்" என்று கையால் மறைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். நாளைக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் பார். குழம்பு நன்றாக இருந்தால் அவள் பெயரைச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது.

மே மாதம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் கட்டாயம் வா. ஆலய விருந்தான அசனத்தன்று நாம் எப்போதும் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற ஓடுவோம். இந்தத் தடவை வேண்டாம். முதல் பந்தியிலேயே உட்காருவோம். அக்காவுக்கும் சேர்த்து மூன்று இடம் பிடித்து வைக்கிறேன்.

உன் அன்புள்ள,
பழைய அறைத்தோழி